கீச்சு வண்டி

எங்கள் பிக்கப் வண்டிக்கு நான்கு சக்கரத்துக்கும் புது பிரேக் ஷூ மாட்டிய அன்றைக்குத்தான் அது கத்த ஆரம்பித்தது. அதற்கு முன்னால், பழைய ஷூ தேய்ந்து தாளாகிப்போய், கல்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது வண்டி நிற்குமா நிற்காதா என்று குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டிய மாதங்களில் ஒரு முனகல்கூடக் கேட்டதில்லை. ஷூ, ஸ்பிரிங், வீல் சிலிண்டர் ரப்பர், பிரேக் ஆயில் எல்லாம் புதுசு. மாட்டி முடித்து கச்சிராயபாளையம் கடைத்தெருவுக்குள் வந்து, குறுக்கே போன ஓர் எருமைக்காகக் காலை அழுத்தினேன். கீ...ச்சென்று அப்படி ஒரு சத்தம். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் மொத்தமாக எழுந்துவிட்டார்கள். எருமை மட்டும் நின்ற இடத்தில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தது.

அந்த வண்டிக்கு முதலாளியும் நான்தான், டிரைவரும் நான்தான், திட்டு வாங்குகிறவனும் நான்தான். கீழேயிருந்து மலைக்கு உப்பு, அரிசி, சீமெண்ணெய் ஏற்றிப் போவேன். மலையிலிருந்து சாமை, கடுக்காய், புளி மூட்டைகளோடு இறங்குவேன். மூட்டைகளின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மலைக்கு ஒரு பஸ் விட்டிருந்தார்கள் என்பது உண்மை. அது வந்த நாளைவிட வராத நாள் ஜாஸ்தி என்பதும் உண்மை. இடஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கிய பிறகு வராத நாள்தான் என்று ஆகிவிட்டது.

எங்கள் பக்கம் அந்த வருஷங்களில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் எழுந்தால் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருக்கும். மத்தியானம் வருவாய்த்துறை ஆட்கள் அதை அறுத்து அகற்றுவார்கள். சாயங்காலம் அடுத்த மரம் படுக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் வெட்டினார்கள். படித்துவிட்டு வேலை இல்லாமல் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பிள்ளைகள். அவர்கள் கேட்டதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. அதைக் கேட்பதற்கு, நான் மூட்டை இறக்கிவிட்டு நிழலுக்கு ஒதுங்குகிற மரமாகப் பார்த்து ஏன் வெட்டினார்கள் என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

இருக்கட்டும். பிரேக்குக்கு வருவோம்.

மெக்கானிக்கின் பட்டறை கோமுகி அணைக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை. ஆள் கெட்டிக்காரர். ஆனால் எதையும் ஒரே தடவையில் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"புது ஷூங்க. செட் ஆவணும். நூறு தடவ மலை ஏறி எறங்கனா தானா அடங்கிடும்" என்றார்.

"நூறு தடவ எறங்கறதுக்குள்ள எனக்குக் காது போயிடும்யா."

"காது போனாலும் சத்தம் அடங்கனா மாதிரிதாங்க."

பத்து தடவை இறங்கினேன். அடங்கவில்லை. மலை இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் கத்தியது. இரண்டாவது தடவை போனபோது டிரம்மைக் கழற்றி, ஷூ மேல் பதித்திருக்கும் லைனிங்கின் ஓரத்தை அரத்தால் சீவிவிட்டார். ஓரம் கூராக இருந்தால் கத்துமாம். சீவிய பிறகு சத்தம் கொஞ்சம் இனிமையாக வந்தது, அவ்வளவுதான். மூன்றாவது தடவை, "டிரம் ஓவலா இருக்குங்க, கடைசல் புடிக்கணும்" என்றார். கள்ளக்குறிச்சியில்தான் லேத் பட்டறை. அன்றைக்கும் ரோட்டில் மரம். இரண்டு டிரம்மையும் சாக்கில் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்து மிதித்துக்கொண்டு போனேன். நீலமங்கலம் தாண்டியதும் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, சாக்கைத் தொடாமல் எட்டி நின்று, "இன்னாய்யா அது, உருண்டையா?" என்றார். பிரித்துக் காட்டினேன். அப்படியும் நம்பவில்லை. பிரேக் டிரம் எப்படி வேலை செய்கிறது என்று நடுரோட்டில் அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். முடிவில் அவர், "எங்க ஜீப்பும் கத்துது, இன்னா பண்ணலாம்?" என்று கேட்டார்.

ஊரில் யோசனை சொல்லாத ஆளே கிடையாது. தூசி அடைத்திருக்கிறது, தண்ணீர் அடி என்றார் டீக்கடைக்காரர். ரிவெட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றார் ரிட்டையர் ஆன பஸ் டிரைவர். கண்ணேறு பட்டிருக்கிறது, எலுமிச்சம்பழம் கட்டு என்றார் உரக்கடைக்காரர். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஒரு வாத்தியார், வண்டியின் அடியில் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு, பிரச்சினை ஸ்டியரிங்கில் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். எல்லார் சொன்னதையும் செய்தேன், வாத்தியார் சொன்னதைத் தவிர. எலுமிச்சம்பழமும் கட்டினேன். அது காயும் வரைக்கும் வண்டி கத்தியது. காய்ந்த பிறகும் கத்தியது.

என் மனைவி மட்டும் ஒரே ஒரு யோசனை சொன்னாள். அவள் அம்மா வீடு மணலூர்பேட்டை. அங்கே போகும்போதெல்லாம் பிள்ளைகளோடு பின்னால்தான் உட்காருவாள். "சத்தம் பின்னாடி எடது பக்கத்து சக்கரத்துல வருது" என்றாள்.

"முன்னாடி வலது பக்கம் வருதுடி. ஸ்டியரிங்க புடிச்சிக்கினு இருக்கறவன் நானு. எனக்குத் தெரியாதா?"

"நான் அது மேலயே ஒக்காந்துகினு வரேன். எனக்குத் தெரியாதா?"

அவள் பேச்சை நான் மெக்கானிக்கிடம் சொல்லவே இல்லை. முன்சக்கரம் என்றுதான் சொன்னேன். அவரும் ஒவ்வொரு தடவையும் முன்சக்கரம் இரண்டையும் மட்டுமே கழற்றி, சீவி, துடைத்து, மாட்டினார். லேத்துக்கு நான் சைக்கிளில் கொண்டுபோனதும் முன்சக்கர டிரம்தான். இப்படி நான்கு மாதம் ஓடியது.

அதற்குள் வண்டிக்குப் பெயர் வந்துவிட்டது. கீச்சு வண்டி. என்னை 'கீச்சு' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்குப் போனால், "சத்தமே இல்லாம வந்துட்டீங்களே, நடந்தா வந்தீங்க?" என்பார்கள். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். நான் கோபப்படுகிறேன் என்று தெரிந்த பிறகு சின்னப் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்தால் கீச்சென்றார்கள். ஹாரன் செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதை நான் பழுது பார்க்கவில்லை. இந்தச் சத்தத்துக்கு மேல் ஹாரன் எதற்கு?

இரண்டு கூட்டத்தார் மட்டும் அந்தச் சத்தத்தைக் குறை சொல்லவில்லை. ஒன்று, மரம் வெட்டுகிற பிள்ளைகள். மலை அடிவாரத்தில் வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ராத்திரியும் பகலும் காவல் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவனாக இருந்தவன் பி.ஏ. முடித்து நான்கு வருஷம் வேலை தேடி அலுத்தவன். வளைவில் என் பிரேக் கத்தியதும், "டேய், நம்ம கீச்சு வருதுடா, கட்டைய நவுத்துங்க" என்பான். நான் பாலத்துக்கு வருவதற்குள் வழி விட்டிருப்பார்கள். கலெக்டர் வண்டிக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. நான் அதற்காகச் சந்தோஷப்பட்டேனா? இல்லை. கேலி செய்கிறார்கள் என்று உறுமிக்கொண்டே கடந்து போனேன்.

இன்னொன்று, மலைக்காரர்கள். மலை உச்சியிலிருந்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, கால்மணி நேரம் ஒற்றையடிப் பாதையில் ஏறினால் பத்துப் பதினைந்து வீடுகள் உள்ள ஓர் ஊர். அங்கேயிருந்து ஒருவர் வாரா வாரம் சாமை மூட்டையோடு வருவார். அமைதியான மனுஷர். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"முன்னெல்லாம் வண்டிக்குன்னு ரோட்டுல வந்து ரெண்டு மணி நேரம் நிப்போங்க. இப்ப அந்தக் கஷ்டம் இல்லீங்க. மேல மொத வளைவுல உங்க சத்தம் கேக்கும். கெளம்பி எறங்கனா நீங்க வரவும் நாங்க வரவும் சரியா இருக்கும்."

நான் அதையும் கேலி என்றே எடுத்துக்கொண்டேன். "நக்கலா?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. முகம் சுருங்கிப்போய் வெளியே பார்த்தார்.

அவருக்கு ஒரு மகள். பத்தாவது வரை படித்தவள். அந்த ஊரில் அவ்வளவு படித்த முதல் பெண் அவள்தான். கச்சிராயபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, பாத்திரம் கழுவி, மாடு கட்டி, அந்த வீட்டு வேலையெல்லாம் செய்துகொண்டு படித்தாள். அவர்கள் ஊருக்கு ஒரு பால்வாடி வந்திருந்தது. கட்டடம் கட்டி, சுண்ணாம்பு அடித்து, பூட்டி வைத்திருந்தார்கள். ஆசிரியை வேலைக்கு மலைச்சாதிப் பெண் ஒருத்தியை எடுக்கப்போவதாகவும், இன்ன தேதி காலை பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சியில் நேர்காணல் என்றும் அவளுக்குக் கார்டு வந்தது. அப்பாவும் மகளும் அந்தக் கார்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து காட்டினார்கள்.

"பஸ்ஸு ஓடலீங்களே. நீங்கதான் கொண்டாந்து வுடணும்" என்றார் அவர்.

"அதுக்கின்னா. மொத நாளே மேல போயி லோடு ஏத்திக்கினு, விடிஞ்சதும் எறங்கறேன். நீங்க எப்பவும் போல சத்தம் கேட்டதும் வாங்க. ஒம்போது மணிக்கு ஆபீஸ் வாசல்ல எறக்கி வுடறேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்து, "கண்டிப்பா வருவீங்கள்ல அண்ணா?" என்றாள். என் வாய்ச்சொல்லை ஒருத்தி இரண்டாம் முறை கேட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. "வரன்னு சொன்னா வருவேம்மா" என்றேன்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு நல்ல எண்ணம் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த பாதிக் கெடுதல் நல்ல எண்ணம் வந்ததால் செய்தது. முதன்முதலாக ஒரு பெண் அந்த மலையிலிருந்து உத்தியோகத்துக்குப் போகிறாள். அவளைக் கழுதை மாதிரி கத்துகிற வண்டியிலா ஆபீஸ் வாசலில் இறக்குவது? அங்கே இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா? இந்தச் சனியனை அதற்குள் ஒழித்துக்கட்டுவது என்று முடிவு செய்தேன்.

நேர்காணலுக்கு முதல் நாள் காலையில் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மனைவியும் வந்தாள், அவளுக்கு அன்று சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. "இன்னைக்கு முடியலன்னா வண்டிய இங்கயே கொளுத்திட்டுப் போயிடுவேன்" என்று மெக்கானிக்கிடம் கத்தினேன். அவர் முன்சக்கரத்துக்கு ஜாக்கியை நகர்த்தினார்.

"பின்னாடி எடது பக்கம்" என்றாள் மனைவி.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அவர் என்னை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டே கூட ஓடி வந்தார். நான்காவது சக்கரத்தில் நின்று கையைத் தூக்கினார். பின்னால், இடது பக்கம். என் மனைவி முந்தானையைச் சரி செய்துகொண்டாள், அவ்வளவுதான்.

டிரம்மைக் கழற்றினார். ஷூவை வெளியே எடுத்துத் துடைத்தார். மற்ற லைனிங்கெல்லாம் மங்கின செம்மண் நிறத்தில் இருந்தது. இது மட்டும் நடுவில் கருகி, விரலால் தொட்டால் வழுக்குகிற மாதிரி கண்ணாடியாக இறுகிப்போயிருந்தது. மெக்கானிக் அதை மோந்து பார்த்தார்.

"யாருங்க இது மேல சூடம் ஏத்தனது?"

எங்கள் பக்கம் வண்டிக்கு எந்தப் புதுச் சாமான் வாங்கினாலும் முதலில் சாமிக்குக் காட்டுவோம். டயர் வாங்கினாலும் சரி, பேட்டரி வாங்கினாலும் சரி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பிறகுதான் மாட்டுவது. பிரேக் ஷூ வாங்கிய அன்றைக்கும் அப்படித்தான். தட்டு தேடிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாமல், கையில் இருந்த ஷூவையே தட்டாக்கி, அதன் லைனிங் மேலேயே நான்கு சூடத்தை வைத்துக் கொளுத்திச் சுற்றிக் காட்டியவன் வேறு யாரும் இல்லை. மெழுகு கலந்த மட்டமான சூடம், உருகி லைனிங்குக்குள் ஊறிவிட்டது. சாமிக்குக் காட்டியதைத் துடைக்கக் கூடாது என்று அப்படியே மாட்டவும் சொன்னேன். மலை இறக்கத்துச் சூட்டில் அது இறுகி இறுகிக் கல்லாகியிருக்கிறது.

"இவதான்" என்றேன், மனைவியைக் காட்டி.

"அன்னைக்கு நான் மணலூர்பேட்டையில எங்க அம்மா வூட்டுல இருந்தேன்" என்றாள் அவள்.

மெக்கானிக் சிரிப்பை அடக்க அரத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார். திரும்பி வந்து, அந்தச் சக்கரத்துக்கு மட்டும் வேறு புது ஷூ மாட்டினார். இந்தத் தடவை பூஜை கிடையாது. பழைய ஷூவை ஒரு ஆணியில் மாட்டி வைத்தார், வருகிற ஆட்களுக்குக் காட்டிக் கதை சொல்வதற்காக. வண்டியை எடுத்து ரோட்டில் ஓட்டிப் போய்ப் பிரேக்கை அழுத்தினேன். சத்தமே இல்லை. பூனை நடந்த மாதிரி நின்றது. நான்கு மாதத்துக்குப் பிறகு எனக்குக் காக்கா கத்துவது கேட்டது. அந்தச் சந்தோஷத்தில் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கக்கூட மறந்துவிட்டேன்.

அன்று மாலையே மலைக்கு ஏறி, லோடு ஏற்றி, மறுநாள் விடிந்ததும் இறங்கினேன். பனி மூட்டம். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்தி, அது சத்தம் போடாததை ரசித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது வளைவில் யாரும் இல்லை. வண்டியை நிறுத்தினேன். ஒரு பீடி பிடித்தேன். இன்னொரு பீடி பிடித்தேன். ஒற்றையடிப் பாதையில் ஒரு அசைவும் இல்லை. என் கோபம் உங்களுக்குத் தெரியும். 'இவங்களுக்கு நேரம்னா இன்னான்னு தெரியுமா? வாழ்க்கையில ஒருநாள் வர்ற விஷயம், அதுக்குக்கூட எழுந்து வர முடியலியா?' என்று தனியாகவே திட்டினேன். ஒருவேளை பயந்துகொண்டு நேற்றே நடந்து இறங்கிப் போயிருப்பார்கள், நம்மிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா பார் என்று அதற்கும் திட்டினேன். மேலே ஏறிப் பார்க்கக் கால்மணி நேரம்தான். ஏறவில்லை. வண்டியைக் கிளப்பினேன்.

வாய்க்கால் பாலத்தில், என் முகத்துக்கு நேரே பனிக்குள்ளிருந்து ஒரு கிளை வந்து விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி சத்தமே போடாமல் ஒரு முழத்தில் நின்றது. இருபது பேர் கையில் கழியோடு ஓடி வந்தார்கள்.

"நான்தான்யா! கண்ணு தெரியல?"

பி.ஏ. படித்தவன் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். "நீங்களா? போலீஸ் ஜீப்புன்னு நெனச்சோம். கீச்சு எங்க?"

"சரி பண்ணிட்டேன்."

"சொல்லக் கூடாதா? சத்தம் வந்திருந்தா நவுத்தி வச்சிருப்போம்ல. நாங்க வண்டியையா பாக்கறோம், சத்தத்தத்தான கேக்கறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்படியே நின்றுவிட்டது. சத்தம் கேட்டதும் வாங்க என்று அந்த அப்பாவிடமும் மகளிடமும் சொன்னவன் நான்.

"மலைமேல ஒரு பொண்ணு" என்றேன். "பத்து மணிக்கு கள்ளக்குறிச்சியில இன்டர்வியூ. என் சத்தத்துக்காகக் காத்துக்கினு இருக்கு."

பி.ஏ. படித்தவனின் முகம் மாறியது. "ஒரு எடம் வேணும்னுதான் நாங்க இத்தினி நாளா ரோட்டுல கெடக்கறோம். எடம் கெடைக்கப்போற பொண்ண வுட்டுட்டா வந்தீங்க?" என்றான். நான் அந்த மாதிரி ஒரு வார்த்தையை அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கியதில்லை. வண்டியைத் திருப்ப அவர்களே கை கொடுத்தார்கள். திரும்பி வரும்போது வழி விட்டு வைத்திருப்போம் என்று கத்தினார்கள்.

மூட்டையோடு மலை ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று. வண்டியை வளைவில் போட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஓடினேன். மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றபோது, அவள் வாசலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். நீலத் தாவணி. எண்ணெய் வைத்து வாரிய தலை. மடியில் அந்தத் துணி சுற்றிய பை. அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, மலை ரோட்டுப் பக்கம் காதைத் திருப்பியபடி இருந்தார். விடிவதற்கு முன்னாலிருந்து அப்படியே இருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசக்கூட இல்லையாம், சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று.

"வண்டி ரிப்பேராங்க?" என்று கேட்டார் அவர், என் மேல் இரக்கப்பட்டு. "சத்தமே வரலீங்களே."

வழியில் இன்னொரு மரத்துக்கும் நின்று, கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. ஆபீசில் எல்லாம் முடிந்துவிட்டது. நேர்காணல் எடுக்க வந்தவர்கள் பக்கத்துத் தெருவிலேயே தங்கியிருந்தார்களாம், சரியாகப் பத்து மணிக்கு வந்து, வந்தவர்களைப் பார்த்து, வராதவர்களை வரவில்லை என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். மேசையில் இருந்த ஒருவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "ரோடு மறியல்னு தெரியும்ல? மொத நாளே வந்து தங்கியிருக்கணும்."

"தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லீங்க. என் வண்டி மேலதான். பிரேக்கு சத்தம் போடல, அதனால இவங்களுக்குக் கேக்கல" என்றேன்.

அவர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். "பிரேக் சத்தம் போடலன்னு லேட்டா?"

"ஆமாங்க."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். 'என்னுடைய வண்டியின் பிரேக் சத்தம் போடாத காரணத்தினால்' என்று தொடங்கி, கீழே கையெழுத்துப் போட்டேன். அதை அவர் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினார், அவர் அடுத்த மேசைக்குக் காட்டினார். அறை முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சிரிப்பு அவள் காதில் விழக் கூடாது என்று பிரேக்கைச் சரி செய்தேனோ, அந்தச் சிரிப்பை நானே எழுதி வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் ஊர்ப் பால்வாடிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எழுதி, பூட்டை அப்படியே விட்டுவிட்டார்கள்.

திரும்பும்போது அவள் கார்டை மறுபடியும் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அப்பாதான் பேசினார், நான் வருத்தப்படுகிறேன் என்று தெரிந்துகொண்டு.

"சத்தம் இல்லாம நல்லாத்தான் இருக்குதுங்க வண்டி."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தேன்.

மறுநாள் பட்டறைக்குப் போய், ஆணியில் தொங்கிய பழைய ஷூவைத் திரும்ப மாட்டச் சொன்னேன். மெக்கானிக் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கிறுக்கு புடிச்சிருக்குதா உங்களுக்கு?" என்றார். பின்னாடி ஒரு சக்கரம்தானே, மற்ற மூன்றும் நன்றாகப் பிடிக்கின்றன, மாட்டு என்றேன். வீட்டில் மனைவி, "ஹாரனைச் சரி பண்ணா போதாதா?" என்று கேட்டாள். அதையும் சரி செய்தேன். ஆனால் ஹாரன் எல்லா வண்டிக்கும் இருக்கிறது. கடுக்காய் லாரிக்கும் இருக்கிறது, காட்டிலாகா ஜீப்புக்கும் இருக்கிறது. அந்த ஊர் அதற்கெல்லாம் இறங்கி வராது. கீச்சு வண்டி மறுபடியும் கத்திக்கொண்டு மலையை இறங்கியது. ஊரே சிரித்தது. இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

ஒரு வருஷம் கழித்து அதே பால்வாடிக்கு மறுபடியும் ஆள் எடுத்தார்கள். அவளுக்குக் கார்டு வந்தது. அந்த வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. பூட்டைத் திறந்து, பல வருஷம் அதே ஊரில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். அதெல்லாம் பிறகு நடந்தது. நான் சொல்ல வந்தது அந்த இரண்டாவது நேர்காணலுக்குப் போன காலையைப் பற்றி.

அந்தக் காலையில் நான் முதல் வளைவிலிருந்தே தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக்கை மிதித்தேன். மலை முழுக்கக் கேட்டிருக்கும். குரங்குகள் கிளை விட்டுக் கிளை தாவின. இரண்டாவது வளைவில் வண்டியை நிறுத்தி, நகர்த்தி, மறுபடி நிறுத்தினேன். ஹாரனையும் அடித்தேன். அப்பாவும் மகளும் கிளம்பி இறங்கி வரக் கால்மணி நேரம் கொடுத்து, அந்தக் கணக்கில்தான் மூன்றாவது வளைவுக்கு வந்தேன்.

அவர்கள் அங்கே இருந்தார்கள். ரோட்டோரத்தில், பாறை மறைவில், ஒரு கோரைப்பாய் விரித்திருந்தது. அணைந்த நெருப்பின் சாம்பல். மடித்து வைத்த கம்பளி. அவள் அதே நீலத் தாவணியில், பனியில் நனைந்த தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ சத்தம் போட்டுக்கினு வந்தேனே, கேட்டுதாம்மா?" என்றேன்.

"கேட்டுச்சிங்கண்ணா" என்றாள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "நாங்க நேத்து பொழுது சாயவே வந்து இங்க ஒக்காந்துட்டோம்."

நான் கதவைத் திறந்துவிட்டேன். அவள் ஏறி உட்கார்ந்தாள்.